உடைந்த ஸ்டடும் உடைத்த மேனிஃபோல்டும்

கேள்வி: என்னிடம் 1960களில் வந்த நான்கு சிலிண்டர் கார் ஒன்று இருக்கிறது. ஹெட் (எஞ்சினின் மேற்பகுதி) வார்ப்பிரும்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், பத்து நிமிடத்தில் நின்றுவிடும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். இப்போது ஹெட்டோடு இணையும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, அதைப் பிடிக்கும் ஆறு ஸ்டடுகளில் (இரு முனையிலும் மரை உள்ள தண்டுகள்) பின்கோடியில் இருப்பது எப்போதோ உடைந்துபோயிருக்கிறது. மிச்சத் துண்டு ஹெட்டுக்குள் சுமார் 4 மி.மீ. ஆழத்தில் நிற்கிறது. முன்கோடி ஸ்டட், நட்டைத் திருப்பும்போது முறிந்து 6 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ள நான்கு ஸ்டடுகளும் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றின் நட்டுகள் கழன்றுவிட்டன, ஆனால் ஒரு தடித்த வாஷர் வளைந்திருக்கிறது. எல்லாம் 5/16 அங்குல ஸ்டடுகள். ஈஸி-அவுட் போட்டு எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். ஹெட்டைக் கழற்றாமல் முடியுமா? எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றிவிட்டால் இனித் தொல்லை இருக்காதா?

பதில்: வணக்கம். ஈஸி-அவுட்டை உள்ளே விடாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் நண்பரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். 8 மி.மீ. தடிமனில் முழுசாக இருந்த ஸ்டடே முறுக்குத் தாங்காமல் முறிந்திருக்கிறது. அதன் நடுவே துளை போட்டு, அதில் பாதித் தடிமன்கூட இல்லாத ஒரு கருவியை நுழைத்துத் திருப்பினால் எது முதலில் முறியும்? போதாததற்கு ஈஸி-அவுட் கூம்பு வடிவம். உள்ளே இறங்க இறங்க அது ஸ்டடின் சுவரை வெளிப்பக்கமாக விரித்து, துரு பிடித்த மரையில் இன்னும் இறுக்கும். முறிந்துவிட்டால் அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கத்து வார்ப்பிரும்பைத் தின்னும். பிறகு ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும்.

உங்களிடம் உடைந்திருக்கும் இரண்டு ஸ்டடுகளும் ஒரே காரணத்தால் உடைந்தவை அல்ல. முன்கோடித் துண்டின் முறிந்த முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முழுக்கப் புதிதாக, வெள்ளி போல, சுழித்த கோடுகளோடு இருக்கும். நட்டும் ஸ்டடும் துருவால் ஒட்டிக்கொண்டு, உங்கள் ஸ்பேனரின் முறுக்கில் போனது அது. பின்கோடியில் எட்டிப் பார்த்தால் முகம் கருத்து, பெரும்பகுதி வழவழப்பாக, ஓரத்தில் சின்னதாக ஒரு சொரசொரப்பான திட்டோடு இருக்க வாய்ப்பு அதிகம். அது உலோகம் சோர்ந்து, விரிசல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த சிறு திட்டு மட்டும் ஒரே நாளில் விட்டுப்போனதன் அடையாளம். அந்த ஸ்டடை மேனிஃபோல்ட்தான் உடைத்திருக்கிறது. நீங்கள் கேட்ட ‘டிக் டிக்’ சத்தமும் அதுதான்: குளிர்ந்த நிலையில் அந்தப் போர்ட்டின் (புகை வெளியேறும் வாயின்) ஓரத்தில் இடைவெளி, சூடானதும் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். டேப்பெட் சத்தம் பத்து நிமிடத்தில் அவ்வளவு சுத்தமாக மறைந்துவிடாது.

மேனிஃபோல்ட் ஏன் உடைக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு விரியும். 450 மி.மீ. நீளமுள்ள மேனிஃபோல்ட் 20 டிகிரியிலிருந்து 450 டிகிரிக்குப் போனால் 2.1 மி.மீ. நீளும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஹெட் 100 டிகிரியில் நிற்கிறது. அது 0.4 மி.மீ. மட்டுமே நீளும். மிச்சம் 1.7 மி.மீ. எங்கே போகும்? நடுவில் பிடிமானம், இரண்டு கோடிகளிலும் நகர இடம் என்றால் பக்கத்துக்கு 0.85 மி.மீ. வழுக்கிப்போகும். இடம் இல்லையென்றால் கோடி ஸ்டடைப் பக்கவாட்டில் வளைக்கும், குளிரும்போது திரும்ப இழுக்கும். இது ஒவ்வொரு பயணத்திலும் நடக்கிறது. கோடி ஸ்டடுகளே பெரும்பாலும் முதலில் போவது இதனால்தான். இதைச் சரிசெய்யாமல் புது ஸ்டட் போட்டால் அதே இடத்தில் அதுவும் உடையும், எந்த உலோகமாக இருந்தாலும்.

சரி, முதலில் உடைந்தவற்றை எடுப்போம். நெருப்போடு செய்யும் வேலை என்பதால் தயாரிப்பில் அரை நாள் போனாலும் பரவாயில்லை. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும். பெட்ரோல் குழாயை டாங்க் பக்கமாகவே அடைத்து, முனையை எஞ்சின் அறையிலிருந்து வெளியே இழுத்துக் கட்டுங்கள். கூலன்ட்டை ஹெட் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை வடித்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் நின்றால் நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். தவிர, பல பழைய ஹெட்டுகளில் சில ஸ்டட் துளைகள் நேராக நீர் அறைக்குள்ளேயே திறக்கும், ஸ்டட் வெளியே வந்ததும் கூலன்ட் பீய்ச்சும். இன்லெட், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளில் துணி அடைத்து வையுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் அந்தத் துணியை எடுத்துவிட்டு மெல்லிய தகரத்தால் மூடுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டவோ, கம்பி பிரஷ்ஷைச் சுழலவிட்டுத் தேய்க்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, தூசிக்கேற்ற முகக்கவசம் அணிந்து, மழுங்கிய தகட்டால் பெயர்த்து, ஈரமாகவே பையில் கட்டுங்கள். இன்னொன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ வைக்கக் கூடாது. அந்தக் கரைப்பான் சூட்டில் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சுத்தம் செய்ய குளோரின் இல்லாததை வாங்கி, முழுக்க உலர்ந்த பிறகே சூடு.

முன்கோடியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் நல்ல நேரம். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கித் திருப்பும் பழைய வழிக்கு அது போதாது, மெல்லிய நட்டுகளாக இருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்து 9 மி.மீ.க்கு மேல் வேண்டும். வைஸ்-கிரிப் வைத்துக் கடித்தால் நீட்டிக்கொண்டிருப்பதும் நசுங்கிப் போகும். ஆனால் நட்டை வெல்டு செய்ய 6 மி.மீ. ரொம்பக் கச்சிதம். 5/16 அங்குல நட்டின் உயரம் ஏறக்குறைய 6.7 மி.மீ. அதை ஸ்டடின் மேல் போட்டால், ஸ்டடின் முகம் நட்டின் வாய்க்குச் சற்றுக் கீழே, ஒரு சின்னக் கிண்ணம் போல நிற்கும். அந்தக் கிண்ணத்தின் அடியில், ஸ்டடின் நடுவில் ஆர்க்கைத் தொடங்கி, வட்டமாகச் சுற்றி மேலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

முலாம் பூசாத, வெறும் எஃகு நட்டாகப் பார்த்து எடுங்கள். துத்தநாக முலாம் வெல்டில் புகைந்து துளை துளையாக்கும், அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. ஸ்டடின் முகத்தைச் சின்ன அரத்தால் பளபளப்பாக்குங்கள். நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் போட்டால் தெறிக்கும் பொறி ஹெட்டின் முகத்தில் ஒட்டாது. மிக் வெல்டராக இருந்தால் ஆம்பியரைத் தயங்காமல் உயர்த்தி வையுங்கள். குறைவாக வைத்தால் வெல்டு மேலே திரண்டு நிற்குமே தவிர ஸ்டடுக்குள் இறங்காது. நட்டைத் திருப்பியதும் அப்படியே பெயர்ந்து கையோடு வந்துவிடும். பலரும் இந்த வழி வேலைக்காகாது என்று கைவிடுவது முதல் நட்டு இப்படிப் பெயர்ந்ததும்தான். இரண்டாவது நட்டு, மூன்றாவது நட்டு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டடின் வேர் வரை சூடு இறங்குகிறது, அந்தச் சூடுதான் உண்மையில் வேலை செய்வது. செந்நிறமாகும் ஸ்டட் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள கனமான ஹெட் விடாததால் மரைக்குள்ளேயே நசுங்கும். குளிரும்போது முன்பைவிட ஒரு மயிரிழை ஒல்லியாகி, துருப் படலத்தை உடைத்துக்கொண்டு சுருங்கும்.

அதனால் சிவப்பாக இருக்கும்போது திருப்பக் கூடாது. அந்த நிலையில் எஃகு வெல்லப்பாகு மாதிரி இளகியிருக்கும். நிறம் முழுக்கப் போனபின், இன்னும் நல்ல சூடு இருக்கும்போதே ஒரு மெழுகுவர்த்தியை ஸ்டடின் அடியில் ஒற்றுங்கள். மெழுகு உருகி, ஓடி, மரையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு உள்ளே உறிஞ்சப்பட்டு மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். அது மறைந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். இப்போது 1/2 அங்குல ஆறுமுக சாக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு, பிறகு கழற்றும் திசையில் இம்மியளவு என்று ஆட்டிப் பாருங்கள். 13 மி.மீ. சாக்கெட் போட வேண்டாம். 12.7 மி.மீ. நட்டின் மேல் அது தளர்ந்து உட்கார்ந்து முனைகளை மழுக்கும்.

கைக்கு வரும் சேதியைக் கவனியுங்கள். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் துரு உடைந்தது. சத்தமே இல்லாமல் ரப்பரைத் திருப்புவது போல மெத்தென்று வந்தால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு மறுபடியும் சூடு, மறுபடியும் மெழுகு. விட்டுக்கொடுத்த பிறகும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். பொடியாகும் துரு மரைக்குள் சேர்ந்தால் நடுவழியில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பின்கோடிக்கு வருவோம். 4 மி.மீ. பள்ளத்துக்குள் வெல்டு செய்ய முடியாதது இல்லை. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டில் வெல்டு பக்கத்து மரையோடும் ஒட்டிக்கொள்ளும். அலுமினிய ஹெட்டாக இருந்தால் எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டடின் மேலேயே தூண் மாதிரி வளர்த்துக்கொண்டு வரலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே துளைதான் வழி. ஆனால் அந்த 4 மி.மீ. பள்ளமே உங்களுக்கு உதவும். அதில் ஏறக்குறைய மூன்று சுற்று மரை காலியாக இருக்கிறது. ஹெட் பக்கத்து மரைக்குப் பொருந்தும் 15 மி.மீ. நீளமுள்ள போல்ட் ஒன்றை லேத்தில் கொடுத்து, அதன் நட்டநடுவே 3 மி.மீ. துளை போட்டு வாங்குங்கள். அந்தப் போல்ட்டைப் பள்ளத்தில் திருகினால் அதுவே வழிகாட்டி. டிரில் பிட் அதன் வழியாக இறங்கினால் ஸ்டடின் நடுவைத் தவிர வேறெங்கும் போக முடியாது. சென்டர் பஞ்ச் வைத்துக் கண்மதிப்பில் அடித்தால், முறிந்த முகம் மேடுபள்ளமாக இருப்பதால் பிட் மென்மையான பக்கம் சாயும். வார்ப்பிரும்பு எஃகைவிட எளிதாக வெட்டுப்படும், ஆகவே ஒருமுறை சாய்ந்த பிட் திரும்ப ஸ்டடுக்கு வராது.

கோபால்ட் கலந்த பிட், இடது சுற்றாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, மெதுவான வேகத்தில், வெட்டு எண்ணெய் விட்டு 3 மி.மீ. துளையை ஸ்டடின் முழு நீளத்துக்கும் இறக்குங்கள். ஸ்டட் எவ்வளவு நீளம் ஹெட்டுக்குள் இருக்கிறது என்பதை, ஏற்கெனவே வெளியே எடுத்த முன்கோடி ஸ்டடில் அளந்துகொண்டு, பிட்டில் அந்த ஆழத்தில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள், இல்லையென்றால் பின்சுவரைத் துளைத்துவிடுவீர்கள். பிறகு வழிகாட்டிப் போல்ட்டை எடுத்துவிட்டு 5 மி.மீ. இந்தக் கட்டத்தில் பிட் கடித்து, ஸ்டட் தானாகவே சுழன்று வெளியே வருவது உண்டு. உங்கள் பின்கோடி ஸ்டட் முறுக்கால் முறிந்ததல்ல, சோர்வால் உடைந்தது என்பதால், அது மரையில் அவ்வளவாகப் பிடித்திருக்காமல் இருக்கலாம்.

வரவில்லையென்றால் 6.3 மி.மீ. வரை போங்கள். 5/16 யுஎன்சி (அகன்ற இடைவெளி உள்ள அங்குல மரை) மரைக்கு டேப் (மரை வெட்டும் கருவி) போடும் துளை 6.6 மி.மீ. ஆகவே 6.3இல் மரையைத் தொடாமல், ஸ்டடின் தோல் மட்டும் மெல்லிய குழாய் போல மிஞ்சும். கூர்மையான ஊசியுளியால் அந்தத் தோலின் முதல் சுற்றை உள்நோக்கி மடக்கி, மூக்குக் குறட்டால் பிடித்து இழுத்தால் கம்பிச்சுருள் மாதிரி உரிந்து வரும். பொறுமையாகச் செய்தால் பழைய மரை சேதமில்லாமல் கிடைக்கும்.

துளை சற்றே சாய்ந்து மரை கெட்டுவிட்டாலும் கைவிட வேண்டாம். 7.94 மி.மீ., அதாவது 5/16 அங்குல பிட் போட்டால் அது அப்படியே 3/8 யுஎன்சி டேப்புக்கான துளை. ஹெட் பக்கம் 3/8, நட்டுப் பக்கம் 5/16 உள்ள படிக்கட்டு ஸ்டட் பழைய கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து வாங்கலாம். அதற்குப் பதில் ஹெலிகாயிலும் (புது மரையாக உள்ளே திருகும் எஃகு கம்பிச்சுருள்) போடலாம், அது இந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும்.

ஹெட்டைக் கழற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கான பதில் இந்தப் பின்கோடித் துளையில்தான் இருக்கிறது. ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே டிரில்லை வைத்து, இரண்டு திசைகளிலிருந்தும் பார்த்து நேராக இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் கழற்ற வேண்டாம். கோண டிரில்லும் குட்டைப் பிட்டும் பெரும்பாலும் இடத்தைச் சமாளிக்கும். சாய்த்துப் பிடித்தால்தான் டிரில் போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட்டை இறக்கி மேசையில் வைத்துச் செய்வது ஒரு ஹெட் கேஸ்கெட், ஒரு நாள் வேலை. சாய்ந்த துளை நீர் அறைக்குள் போய்விட்டால் அதைவிடப் பெரிய செலவு.

நடுவில் உள்ள நான்கையும் மாற்றத்தான் வேண்டுமா? வெர்னியரால் தண்டை அளந்து பாருங்கள். 7.9 மி.மீ. இருக்க வேண்டிய தண்டு எங்காவது 7 மி.மீ.க்குக் கீழே அரித்துப் போயிருந்தால், நட்டு மரை உருண்டிருந்தால், நிற்கும் கோணம் சாய்ந்திருந்தால் மாற்றுங்கள். அப்படி இல்லாமல் உறுதியாக நிற்பவற்றை, வேலை முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும் பிடுங்கப் போக வேண்டாம். மரையை 5/16 யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல மரை) டையால் சுத்தம் செய்து விட்டுவிடலாம். மாற்றுவதாக முடிவெடுத்தால் உருளைகள் வைத்த ஸ்டட் எக்ஸ்ட்ராக்டரைப் பயன்படுத்துங்கள், அது தண்டை எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் வகை தண்டை வளைக்கும். சூடும் மெழுகும் இவற்றுக்கும் உண்டு. பெனட்ரேட்டிங் ஆயில் அடிப்பதாக இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் அடியுங்கள், நெருப்பு வைக்கும் நாளில் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். என் தெளிவான கருத்து, ஸ்டடுக்கு வேண்டாம். துரு பிடிக்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண 304 வகை சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். மேனிஃபோல்ட் சூடாகும்போது ஸ்டட் கூடுதலாக நீண்டு, பிடிமானம் தளரும். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் தரத்தின் வலிமை 8.8 தர எஃகுக்குக் கீழே. ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டால் உராய்வில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அப்படி ஒட்டி முறிந்ததைத் துளைக்கப் போனால், மழுங்கிய பிட்டின் தேய்ப்பிலேயே அது கடினமாகிக்கொண்டு போகும். 8.8 தர எஃகு, அல்லது பி7 எனப்படும் குரோம்-மாலிப்டினம் எஃகு ஸ்டடுகளைப் போடுங்கள். நட்டுக்குப் பித்தளை. நீண்ட வகை, சுமார் 12 மி.மீ. உயரம். பித்தளை எஃகோடு துருவால் ஒட்டாது. பத்து வருடம் கழித்துப் பிடித்துக்கொண்டாலும் முதலில் போவது நட்டின் மரை, ஸ்டட் தப்பிக்கும். உயரம் அதிகம் வேண்டும் என்பது, பித்தளை மென்மையானது என்பதால் சுமையை அதிக மரைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. நைலான் வளையம் வைத்த நட்டு இந்த இடத்தில் உருகிப்போகும்.

வாங்கும்போது ஒரு கவனம். 5/16 அங்குலம் 7.94 மி.மீ., எம்8 என்பது 8 மி.மீ. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 5/16 யுஎன்சியின் மரை இடைவெளி 1.41 மி.மீ., எம்8இல் 1.25. இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், ‘கொஞ்சம் டைட்டாக இருக்கிறது’ என்று ஸ்பேனரால் ஏற்றினால் ஹெட்டின் மரை பாழ். பல கார்களில் ஹெட் பக்கம் யுஎன்சி, நட்டுப் பக்கம் யுஎன்எஃப் என்று ஒரே ஸ்டடின் இரண்டு முனைகளும் வேறு வேறு. மரை இடைவெளி அளக்கும் பிட்ச் கேஜ் வைத்து இரண்டையும் பார்த்துவிட்டே வாங்குங்கள். ஹெட்டுக்குள் பிடிக்கும் மரை வார்ப்பிரும்பில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 12 மி.மீ. இருக்க வேண்டும். அலுமினிய ஹெட் வைத்திருக்கும் மற்றவர்கள் 16 மி.மீ. பாருங்கள்.

புது ஸ்டடுகள் போடும் முன்பு மேனிஃபோல்டைக் கவனியுங்கள், இந்தக் கதையின் குற்றவாளி அதுதான். போர்ட் முகங்களின் மேல் நேர்விளிம்பை நீளவாக்கில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகளான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ. இலை எங்காவது நுழைந்தால் சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள், தடித்த கேஸ்கெட் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கொடுக்கும்போது இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே மட்டத்தில் பிடித்துச் சேர்த்தே கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள்.

அந்த வளைந்த வாஷர் சொல்வதும் இதைத்தான். ஒரே வாஷர் இரண்டு விளிம்புகளின் மேலும் பாலம் போல உட்கார்ந்திருக்கிறது. இரண்டு விளிம்புகளின் தடிமனும் ஒன்றாக இருந்தால் சமமாக அழுத்தும். யாரோ எப்போதோ எக்ஸாஸ்ட்டை மட்டும் கிரைண்ட் செய்திருந்தால் அதன் விளிம்பு மெலிந்து, வாஷர் இன்லெட் பக்கம் முட்டுக்கொடுத்துக்கொண்டு சாயும். நட்டை இறுக்க இறுக்க வாஷர் வளையும், ஸ்டடும் அதோடு சேர்ந்து வளையும், எக்ஸாஸ்ட் மட்டும் தளர்வாகவே இருக்கும். ஒவ்வொரு நடு ஸ்டடின் பக்கத்திலும் இரண்டு விளிம்புகளையும் வெர்னியரால் அளவெடுங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தடித்த பக்கத்தை, வாஷர் உட்காரும் முகத்தில் குறைத்துச் சமன் செய்யுங்கள். வளைந்த வாஷரைத் தட்டி நிமிர்த்தாமல் புதிது போடுங்கள்.

அடுத்து, நடு ஸ்டடுகளின் மேல் மேனிஃபோல்டை நட்டில்லாமல் மாட்டி, கோடித் துளைகளைப் பாருங்கள். பழைய மேனிஃபோல்ட் சூட்டில் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டு, குளிர்ந்தபின் பழைய நீளத்துக்கு வராமல் குட்டையாகிப் போயிருக்கும். அப்படியானால் ஸ்டட் கோடித் துளையின் வெளிப்பக்கச் சுவரில் உரசும். குளிர்ந்த நிலையில் ஸ்டட் எந்தப் பக்கமும் தொடக் கூடாது. எஞ்சினின் நடுவைப் பார்த்த பக்கத்தில் குறைந்தது 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், சூடாகும்போது அந்தச் சுவர்தான் ஸ்டடை நோக்கி வரும். வட்ட அரத்தால் துளையை நீளவாக்கில் பெரிதாக்கினால் போதும். பெரிதான துளையை மூட 3 மி.மீ. தடிமனுள்ள வாஷர் கோடிகளுக்கு அவசியம், மெல்லியது துளைக்குள் குழிந்துவிடும். கூடவே கீழே குனிந்து, எக்ஸாஸ்ட் பைப்பை கியர்பாக்ஸ் பக்கத்தில் தாங்கும் பிராக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அது அறுந்திருந்தால் பைப்பின் எடையும் ஆட்டமும் முழுக்க மேனிஃபோல்டில் தொங்கும்.

மாட்டுவது இனி எளிது. ஹெட் துளைகளின் மரையைப் புது டேப்பால் வெட்டாதீர்கள், தளர்ந்துவிடும். ஒரு பழைய ஸ்டடில் நீளவாக்கில் மூன்று பள்ளம் கிரைண்டரால் போட்டு, அதைத் திருகித் திருகி எடுத்தால் துரு மட்டும் வழிந்து வரும். கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடியுங்கள். ஸ்டடைக் கையால் திருகி, கடைசியில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் மட்டும் இறுக்குங்கள். மூடிய துளையின் அடியில் முட்டவைத்து இறுக்கக் கூடாது. நீர் அறைக்குள் திறக்கும் துளையானால் மரையில் சீலன்ட், மற்றவற்றில் மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசாக.

நட்டுகளை நடுவிலிருந்து கோடிகளை நோக்கி, மாறி மாறி, மூன்று தவணையில் இறுக்குங்கள். உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்ணே முதன்மையானது. அது கையில் இல்லையென்றால் 5/16 ஸ்டடுக்கு உலர்ந்த மரையில் 20 நியூட்டன் மீட்டர், பேஸ்ட் தடவியிருந்தால் 16. பேஸ்ட் உராய்வைக் குறைப்பதால் அதே எண்ணில் இறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் தங்களுக்குள் போல்ட்டால் இணைந்திருக்கும் வகையானால் அந்தப் போல்ட்டுகளைக் கடைசிவரை தளர்த்தியே வையுங்கள்.

ஓட்டும் முன் கசிவைப் பார்த்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாலில் பிடித்து, கேஸ்கெட் ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதை அலட்சியமாக விட வேண்டாம். ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் வாய் பல பழைய கார்களில் எஞ்சின் அறைக்கு அருகிலேயே இருக்கிறது, கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது கவலையாக இருந்தது.

முதல் ஸ்டார்ட்டில் மெழுகும் எண்ணெயும் எரிந்து புகை வரும், அது நின்றுவிடும். திறந்தவெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அதே எண்ணுக்கு நட்டுகளைச் சரிபாருங்கள். கேஸ்கெட் அமுங்கியிருப்பதால் எல்லாமே கொஞ்சம் நகரும். 200 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை. அப்போதும் ஏதாவது ஒரு நட்டு மட்டும் கால் சுற்றுக்கு மேல் போனால், அந்த நட்டின் வாஷரைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள்.